தண்டு வளர்ச்சி, இலை அமைவு, தாவர ஹார்மோன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டு எப்படி நீள்கிறது, அடுத்த இலை எந்தப் பக்கம் வரும், நுனியைக் கிள்ளினால் ஏன் கிளை வெடிக்கிறது? பள்ளிக்கூடத்தில் இவற்றைத் தனித்தனிப் பாடங்களாகப் படித்திருப்போம். ஆனால் மூன்றுக்கும் பின்னால் இருப்பவை அதே சில ஹார்மோன்கள்தான். ஹார்மோன் எங்கே சேர்கிறது, எங்கிருந்து வடிகிறது என்பதைக் கவனித்தால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வரும். கீழே உள்ள பதில்கள் அந்தக் கோணத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

செடி எந்த இடத்திலிருந்து வளர்கிறது?

தண்டின் உச்சியில், இளம் இலைகள் பொத்தி வைத்திருக்கும் இடத்தில், நுனி ஆக்குத்திசு என்று ஒரு சிறு மேடு இருக்கிறது. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் கடுகுக் குடும்பச் செடியான அராபிடாப்சிஸில் இந்த மேட்டின் குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். தரைக்கு மேலே தெரியும் தண்டு, இலை, பூ ஏறக்குறைய அனைத்தும் இதிலிருந்து வந்தவை.

மேட்டின் நடுவில் இருக்கும் செல்கள் மெதுவாகப் பிரிபவை; என்னவாக மாறுவது என்று இன்னும் முடிவாகாதவை. அதன் விளிம்பில்தான் இலை அரும்புகள் ஒவ்வொன்றாகப் புடைக்கும். மேடு வளர வளர, பிறந்த அரும்புகள் பின்தங்கி நடுவிலிருந்து விலகிப் போகும். விலகிய இடத்தில் அடுத்த அரும்புக்கு இடம் கிடைக்கும்.

ஆக, நுனியில் நடப்பது உறுப்புகளை உண்டாக்கும் வேலை. நீளம் கூடுவது பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே, இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தாவர ஹார்மோனும் நம் உடலில் இருக்கும் ஹார்மோனும் ஒரே மாதிரியா?

மிகக் குறைந்த அளவில் பெரிய மாற்றத்தை உண்டாக்குகின்றன என்பதில் ஒற்றுமை உண்டு. மற்றபடி வேறுபாடுகள்தான் அதிகம். செடிக்குத் தனிச் சுரப்பி கிடையாது, இரத்த ஓட்டம் கிடையாது. பல செல்கள் தாமே ஹார்மோனை உண்டாக்கும், தாமே அதற்கு எதிர்வினையும் காட்டும். ஒரே ஹார்மோன் வேரில் ஒன்றும் தண்டில் அதற்கு நேர்மாறாகவும் செய்யக்கூடும். தண்டை நீளச்செய்யும் அதே அளவு ஆக்சின் வேரின் நீட்சியைத் தடுத்துவிடும். அதனால் “இந்த ஹார்மோன் இந்த வேலையைச் செய்யும்” என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வது எனக்கு ஒப்பவே ஒப்பாது. எந்த இடத்தில், எவ்வளவு, வேறு எதனோடு சேர்ந்து என்று கேட்டுப் பழக வேண்டும்.

இந்த விஷயத்துக்கு எந்தெந்த ஹார்மோன்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்ரெல்லின் மூன்றும் முதன்மையானவை. கிளைவிடுதலைப் புரிந்துகொள்ள ஸ்ட்ரைகோலாக்டோனும் தேவை. பிராசினோஸ்டீராய்டு, எத்திலின், அப்சிசிக் அமிலம் ஆகியவை ஆங்காங்கே தலைகாட்டும்.

ஆக்சின் இருப்பதை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளை வைத்துச் செய்த சோதனைகளை 1880இல் வெளியிட்டார்கள். முளைக்குருத்தின் நுனியை ஒளி படாதபடி மூடிவிட்டால் நாற்று வெளிச்சத்தை நோக்கி வளையவில்லை. நுனியைத் திறந்துவைத்து அடிப்பகுதியை மட்டும் மறைத்தால் வளைந்தது. ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி. அப்படியானால் மேலிருந்து கீழே ஏதோ ஒரு செய்தி போகிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

அந்தச் செய்தியைப் பிடித்துக்காட்டியவர் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட். 1926 வாக்கில் ஓட்ஸ் நாற்றுகளின் நுனிகளை வெட்டி, அகர் எனப்படும் கடற்பாசிக் கூழ்த் துண்டுகளின் மேல் சிறிது நேரம் வைத்தார். பிறகு அந்த அகர் துண்டை, நுனி வெட்டப்பட்ட இன்னொரு நாற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தார். இருட்டிலேயே அந்த நாற்று எதிர்ப்பக்கமாக வளைந்தது. நுனியிலிருந்து அகருக்குள் இறங்கிய ஏதோ ஒரு பொருள், தான் சேர்ந்த பக்கத்தை மட்டும் கூடுதலாக நீளச்செய்திருக்கிறது. எவ்வளவு வளைந்தது என்பதை அளந்தே அந்தப் பொருளின் அளவையும் மதிப்பிட்டார். முக்கியமான ஆக்சினான இண்டோல் அசிட்டிக் அமிலம் 1930களில் அடையாளம் காணப்பட்டது. அதை முதலில் பிரித்தெடுத்தது மனிதச் சிறுநீரிலிருந்து.

ஆக்சின் தண்டில் ஏன் மேலிருந்து கீழே மட்டும் போகிறது?

புவியீர்ப்பால் இழுக்கப்பட்டு இறங்குகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் வெட்டிய தண்டுத் துண்டைத் தலைகீழாகக் கட்டிவைத்தாலும், முதலில் எந்த முனை மேலே இருந்ததோ அங்கிருந்து அடிமுனை நோக்கித்தான் ஆக்சின் போகும். திசை செல்லுக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

அதற்குக் காரணம் ‘பின்’ (PIN) புரதங்கள் எனப்படும் வாயில்காப்பான்கள். செல்லுக்குள் ஆக்சின் எளிதாக நுழைந்துவிடும். ஆனால் உள்ளே போனதும் மின்னேற்றம் பெற்று, சவ்வைக் கடந்து தானாக வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும். பின் புரதம் இருக்கும் பக்கத்தில்தான் வெளியேற முடியும். தண்டின் உட்பகுதிச் செல்களில் இந்தப் புரதங்கள் அடிப்பக்கத்தில் குவிந்திருக்கின்றன. அதனால் செல் செல்லாகக் கைமாறி, மணிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் ஆக்சின் கீழே போகிறது. பின் புரதம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் செடி மாற்றிக்கொள்ளவும் முடியும். அடுத்த கேள்விக்கான விடை இங்குதான் இருக்கிறது.

அடுத்த இலை எந்த இடத்தில் பிறக்க வேண்டும் என்று செடிக்கு எப்படித் தெரிகிறது?

செடியிடம் வரைபடம் எதுவும் இல்லை. ஏற்கெனவே பிறந்த இலைகள்தான் அடுத்த இலையின் இடத்தை முடிவுசெய்கின்றன.

1868இலேயே ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் ஒரு விதியைக் கூறினார்: புது அரும்பு, முந்தைய அரும்புகளிடமிருந்து மிகுந்த இடைவெளி கிடைக்கும் இடத்தில் தோன்றும். ஏன் அப்படி என்பதற்கு அப்போது விடை இல்லை. ஒவ்வோர் அரும்பும் தன்னைச் சுற்றி ஒரு தடைப் பொருளைப் பரப்புகிறது என்று பிறகு பலர் ஊகித்தார்கள். ஆனால் உண்மை அதற்கு நேர்மாறாக அமைந்தது. அரும்பு எதையும் பரப்பவில்லை, சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது.

நுனி மேட்டின் வெளித்தோலில் இருக்கும் செல்களைப் பாருங்கள். இங்கே பின்1 என்ற புரதம் கீழ்ப்பக்கமாக நிற்பதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களில் எதில் ஆக்சின் அதிகமோ, அந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கிறது. அதாவது, ஏற்கெனவே அதிகம் இருக்கும் இடத்துக்கே மேலும் அனுப்புகிறது. தற்செயலாக ஓரிடத்தில் ஆக்சின் கொஞ்சம் கூடினாலும் போதும். சுற்றியிருக்கும் செல்கள் எல்லாம் அதை நோக்கித் தள்ளத் தொடங்கும். அங்கே ஆக்சின் குவியும், அந்த இடம் புடைத்து இலை அரும்பாகும். குவிந்த ஆக்சின் அங்கிருந்து உள்பக்கமாக இறங்கும். அது இறங்கும் தடமே பிறகு இலையின் நடுநரம்பாக உருவெடுக்கிறது.

இதன் விளைவாக, அரும்பைச் சுற்றியிருக்கும் பகுதியில் ஆக்சின் வற்றிப்போகிறது. வற்றிய இடத்தில் இன்னோர் இலை கிளம்ப முடியாது. மேடு வளர்ந்து, பழைய அரும்புகள் விலகிய பிறகு, அவற்றின் உறிஞ்சலுக்கு எட்டாத ஓரிடத்தில் மீண்டும் ஆக்சின் சேரும். அடுத்த இலை அங்கே. ஹோஃப்மைஸ்டர் கண்ட “மிகுந்த இடைவெளி” இதுதான்.

இது கணினி மாதிரியில் மட்டும் சொல்லப்படுவதா, செடியில் செய்து பார்த்தார்களா?

செய்து பார்த்தார்கள். தாவரவியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று.

அராபிடாப்சிஸில் பின்1 மரபணு பழுதான வகை ஒன்று உண்டு. அதன் பூந்தண்டு பக்கங்களில் பூவே இல்லாமல், மொட்டையாக, வழவழவென்று மேலே போகும். நுனி மேடு உயிரோடுதான் இருக்கிறது, செல்கள் பிரிகின்றன, தண்டு உயர்கிறது. உறுப்பு மட்டும் பிறப்பதில்லை. டீட்ரிக் ரைன்ஹார்ட்டும் கிரிஸ் குலெமையரும் உள்ளிட்ட குழுவினர், 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இந்த மொட்டை மேட்டின் பக்கவாட்டில் ஆக்சின் கலந்த களிம்பை மிகச் சிறு துளியாக வைத்தார்கள். துளி பட்ட இடத்தில் உறுப்பு புடைத்து வந்தது. தக்காளி நுனிகளிலும் இதேபோலப் பார்த்தார்கள்: ஆக்சின் கடத்தலைத் தடுக்கும் வேதிப்பொருளில் வளர்த்தபோது இலையே பிறக்கவில்லை, ஆக்சின் துளி வைத்ததும் பிறந்தது. துளியை விளிம்பில் எங்கே வைத்தார்களோ அங்கே இலை. மேட்டின் உச்சி நடுவில் வைத்தால் மட்டும் எதுவும் வரவில்லை. ஆக்சின் சேர்வது மட்டும் போதாது, அந்தச் செல்கள் அதைக் கேட்கும் நிலையிலும் இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிகிறது.

இதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே, 1930களில், மேரி ஸ்னோவும் ராபர்ட் ஸ்னோவும் லூப்பின் செடியின் நுனியில் நுண்ணிய கத்தியால் கீறி, ஓர் அரும்பைத் தனிமைப்படுத்தினால் அடுத்து வருவது இடம் மாறுவதைக் காட்டியிருந்தார்கள். பின் புரதம் தெரியாத காலத்தில் வெறும் கத்தியை வைத்து அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்.

137.5 டிகிரி என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

சுழல் முறையில் இலைவிடும் செடிகளில் ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடைப்பட்ட கோணம் பெரும்பாலும் 137.5 டிகிரிக்கு அருகில் இருக்கும். முழு வட்டத்தைப் பொன் விகிதப்படி (ஏறத்தாழ 1.618-க்கு 1) பிரித்தால் கிடைக்கும் சிறிய பகுதி இது.

இந்தக் கோணத்தின் சிறப்பைச் சிறு கணக்கில் பார்க்கலாம். முதல் இலையிலிருந்து 5 இலை தள்ளி வரும் இலை, 5 × 137.5 = 687.5 டிகிரியில் இருக்கும். இரண்டு சுற்றுக்கு 32.5 டிகிரி குறைவு. 8 இலை தள்ளி வருவது மூன்று சுற்றைவிட 20 டிகிரி கூடுதல். 13 இலை தள்ளி வருவது ஐந்து சுற்றுக்கு 12.5 டிகிரி குறைவு. நெருங்கிக்கொண்டே போகிறது, ஆனால் ஒருபோதும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று வருவதில்லை. 5, 8, 13 என்று நெருங்கும் அந்த எண்கள், முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும் ஃபிபனாச்சி வரிசையில் வருபவை. சூரியகாந்திப் பூவின் நடுத்தட்டில் ஒரு திசையில் 34, மறுதிசையில் 55 சுழல்கள் எண்ணக் கிடைப்பதும் இதனால்தான்.

சரி, செடிக்குக் கணக்கு தெரியுமா? தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. 1992இல் ஸ்டெஃபான் டுவாடி, ஈவ் கூடே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர்கள் இருவர் செடியே இல்லாமல் இதைக் காட்டினார்கள். எண்ணெய் நிரப்பிய தட்டின் நடுவில், காந்தத் தன்மையுள்ள திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். காந்தப்புலத்தால் சொட்டுகள் விளிம்பை நோக்கி நகரும். ஒன்றையொன்று விலக்கவும் செய்யும். சொட்டுகளுக்கு இடையில் நேரம் அதிகமாக இருந்தபோது அவை மாறி மாறி எதிரெதிர்ப் பக்கம் போயின. நேரத்தைக் குறைக்கக் குறைக்கச் சுழலாக மாறி, கோணம் 137.5 டிகிரிக்கு அருகே வந்து நின்றது. நடுவிலிருந்து விலகுதல், ஒன்றையொன்று விலக்குதல், குறிப்பிட்ட இடைவெளியில் புதியது தோன்றுதல். இந்த மூன்றும் இருந்தால் கோணம் தானே அமைந்துவிடுகிறது. செடியில் அந்த விலக்கலைச் செய்வது ஆக்சின் வற்றிய பகுதி.

அப்படியென்றால் எல்லாச் செடியிலும் ஒரே கோணம்தானே வர வேண்டும்? துளசியில் எதிரெதிராக இருக்கிறதே?

நல்ல கேள்வி. நுனி மேடு எவ்வளவு பெரியது, ஒவ்வோர் அரும்பும் எவ்வளவு தூரம் வரை ஆக்சினை வற்றச்செய்கிறது என்ற இரண்டின் விகிதத்தைப் பொறுத்து விடை மாறும்.

மேடு சிறியது, உறிஞ்சும் எல்லை பெரியது என்றால் புது அரும்புக்குக் கிடைக்கும் ஒரே இடம் முந்தையதற்கு நேர் எதிர்ப்பக்கம். நெல், கரும்பு, சோளம் போன்ற புல்லினங்களில் இலைகள் 180 டிகிரி இடைவெளியில் இரண்டே வரிசையாக நிற்பதை இப்படி விளங்கிக்கொள்ளலாம். மேடு பெரிதாகும்போது சுழல் வரும். செம்பருத்தி, பப்பாளி, சூரியகாந்தி எல்லாம் அந்த வகை. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் ஆக்சின் குவிய முடிந்தால் எதிரிலை அமைவு: துளசியிலும் எருக்கிலும் ஒரு சோடிக்கு அடுத்த சோடி 90 டிகிரி திரும்பி நிற்கும், ஏனென்றால் முந்தைய இரண்டுக்கும் நடுவில்தான் காலியிடம். அரளியில் கணுவுக்கு மூன்று இலை.

இது ஊகம் மட்டுமில்லை என்பதற்கு மக்காச்சோளத்தில் ஒரு சான்று உண்டு. வழக்கமாக இருவரிசையில் இலைவிடும் அந்தச் செடியில், அப்ஃபில்1 என்ற மரபணு பழுதானால் இலைகள் எதிரெதிர்ச் சோடிகளாக வருகின்றன. அதன் நுனி மேடும் வழக்கத்தைவிடப் பெரிது. சைட்டோகைனினின் செயலை மட்டுப்படுத்தும் புரதம் ஒன்றைத் தருவது அந்த மரபணு என்று 2004இல் தெரியவந்தது. சைட்டோகைனினுக்குக் கடிவாளம் தளர்ந்ததும் மேடு பெருத்து, இலை அமைவே மாறிவிடுகிறது.

ஒரே செடியின் வாழ்நாளிலும் இது மாறும். சூரியகாந்தி நாற்றில் முதலில் வரும் இலைகள் எதிரெதிர்ச் சோடிகளாக இருக்கும். மேலே போகப் போகச் சுழலாகிவிடும்.

சைட்டோகைனினுக்கு வேறு என்ன வேலை?

நுனி மேட்டின் நடுப்பகுதியில் செல்களைப் பிரியும் நிலையிலேயே வைத்திருப்பது முக்கியமாக இதுதான். இது குறைந்தால் மேடு சிறுக்கும். மேட்டின் உள்ளே சைட்டோகைனின் அதிகமாகவும் ஜிப்ரெல்லின் குறைவாகவும் இருக்கும்படி சில மரபணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஓரிடத்தில் இலை பிறக்கத் தொடங்கியதும் அந்த மரபணுக்கள் அங்கே அணைந்துவிடும், நிலைமை தலைகீழாகும்.

ஆக்சினும் சைட்டோகைனினும் சேர்ந்து முடிவெடுப்பதை ஃபோக் ஸ்கூக், கார்லோஸ் மில்லர் இருவரும் 1957இல் புகையிலைத் திசுவில் காட்டினார்கள். ஆக்சின் விகிதம் கூடினால் வேர், சைட்டோகைனின் விகிதம் கூடினால் தண்டுக் குருத்து, இரண்டும் நடுத்தரமாக இருந்தால் உருவமற்ற செல் திரள். இன்றைய திசு வளர்ப்பு முழுக்க இந்த விகிதத்தின் மேல் நிற்கிறது. இளநீரைத் திசு வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்ததும் அதில் இயற்கையாகவே சைட்டோகைனின் இருப்பதால்தான் பலன் தந்தது.

இலை அமைவில் இன்னொரு நுட்பமான பங்கும் உண்டு. ஆக்சின் இடத்தைச் சொல்கிறது. ஆனால் இரண்டு இடங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தயாராகிவிட்டால் எது முதலில்? அராபிடாப்சிஸில் ஏஎச்பி6 என்ற புரதம், முதலில் தயாரான அரும்பிலிருந்து பக்கத்துக்குப் பரவி, அடுத்த இடத்தில் சைட்டோகைனின் செயலைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. அந்தப் புரதம் இல்லாத செடியில் இரண்டு உறுப்புகள் ஒரே நேரத்தில் கிளம்பி, தண்டு நீளும்போது வரிசை மாறிப் போகும். 137.5க்குப் பதில் அதன் இரட்டிப்பான 275 டிகிரி அளவில் கோணங்கள் தென்படும். 2014இல் வெளிவந்த இந்த ஆய்வு, இலை அமைவில் இடத்தைப் போலவே நேரமும் முக்கியம் என்று காட்டியது.

சுழல் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது மரபுவழி வருகிறதா?

பொதுவாக இல்லை. தென்னையில் இரண்டு வகை மரங்களும் உண்டு. மட்டைகளின் சுழல் சிலவற்றில் இடமாகவும் சிலவற்றில் வலமாகவும் ஏறும். தாய்மரத்தின் சுழல் திசை கன்றுகளுக்கு வருவதில்லை என்று டி. ஏ. டேவிஸ் 1962இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முதல் ஓரிரு இலைகள் எந்தப் பக்கம் சற்று நகர்ந்தன என்பதிலேயே திசை நிலைத்துவிடுகிறது.

இலை பிறந்தாகிவிட்டது. தண்டு எப்படி நீள்கிறது?

செல்லுக்குள் நீர் அழுத்தம் எப்போதும் இருக்கிறது. சுவர் இறுக்கமாக இருப்பதால்தான் செல் பெரிதாகாமல் நிற்கிறது. ஆக்சின் வந்ததும் செல் தன் சுவருக்குள் ஹைட்ரஜன் அயனிகளை வெளித்தள்ளுகிறது, சுவர் அமிலத்தன்மை அடைகிறது. அந்த அமிலச் சூழலில் எக்ஸ்பான்சின் என்ற புரதங்கள் வேலை செய்து, சுவர் இழைகளின் பிடியைத் தளர்த்துகின்றன. நீர் புகுந்து செல் நீள்கிறது. ஆக்சின் கொடுத்த பத்துப் பதினைந்து நிமிடங்களிலேயே இது தொடங்கிவிடும்.

கணுவிடைப் பகுதியின் நீளத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது ஜிப்ரெல்லின். இதன் கதை நெல் வயலில் தொடங்கியது. பக்கானே என்ற பூஞ்சை நோய் தாக்கிய நெல் நாற்றுகள் அளவுக்கு மீறி நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர் எய்ச்சி குரோசாவா 1926இல் காட்டினார். அந்தப் பொருள் ஜிப்ரெல்லின் என்றும், செடிகளே இதை இயல்பாக உண்டாக்குகின்றன என்றும் பின்னர் தெரிந்தது.

ஜிப்ரெல்லின் நேரடியாகத் தண்டை இழுத்து நீட்டுவதில்லை. டெல்லா என்ற புரதங்கள் வளர்ச்சியைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன; ஜிப்ரெல்லின் வந்தால் அவை சிதைக்கப்படுகின்றன. தடை விலகினால் வளர்ச்சி. இந்த ஏற்பாட்டில் எங்கே கை வைத்தாலும் செடியின் உயரம் மாறும். மெண்டல் ஆராய்ந்த பட்டாணியின் நெட்டை, குட்டை வேறுபாடு, செயல்படும் ஜிப்ரெல்லினை உண்டாக்கும் ஒரு நொதியின் பழுது. 1966இல் வெளியான ஐஆர்8 நெல்லின் குட்டைத் தண்டுக்குக் காரணமும் ஜிப்ரெல்லின் தயாரிப்பில் ஒரு குறைபாடு. பசுமைப் புரட்சியின் குட்டை கோதுமையில் பிரச்சினை தயாரிப்பில் இல்லை. டெல்லா புரதமே சிதையாமல் நின்றுவிடும்படி மாறியிருக்கிறது. உரம் போட்டுக் கதிர் கனத்தாலும் சாயாத பயிர்கள் இப்படித்தான் கிடைத்தன.

எதிர்முனையில் ஆழநீர் நெல் இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கினால் தண்டுக்குள் எத்திலின் வாயு வெளியேற வழியில்லாமல் சேரும். அது ஸ்நார்க்கல் எனப்படும் மரபணுக்களைத் தூண்டும். ஜிப்ரெல்லின் செயல் கூடி, ஒரே நாளில் 20 சென்டிமீட்டர் அளவுக்குக்கூடத் தண்டு நீளும். இலைநுனி நீருக்கு மேலே வந்தால்தான் பயிருக்கு மூச்சு.

முட்டைக்கோஸ் போன்றவற்றில் தண்டே தெரிவதில்லையே?

நுனியில் இலைகள் வழக்கம்போலப் பிறக்கின்றன, கணுவிடை மட்டும் நீள்வதில்லை. அதனால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. பூக்கும் பருவத்தில் ஜிப்ரெல்லின் கூடும்போது தண்டு சடாரென்று எழும்பும். பருவத்துக்கு முன்பே ஜிப்ரெல்லின் தெளித்தாலும் எழும்பும்.

நிழலில் வைத்த செடி ஏன் நெட்டையாக, இலைக்கு இலை தூரமாக வளர்கிறது?

பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, தூரச் சிவப்பு ஒளியை (சிவப்புக்கு அப்பால், நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் பிற செடிகளின் நிழலில் தூரச் சிவப்பின் விகிதம் கூடுகிறது. ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இதை உணர்ந்ததும் இலைகளில் ஆக்சின் உற்பத்தி கூடுகிறது. அது தண்டுக்கு வந்து, ஜிப்ரெல்லினோடும் பிராசினோஸ்டீராய்டோடும் சேர்ந்து தண்டை நீட்டுகிறது. பக்கக் கிளைகளும் குறையும். ஒளி கிடைக்கும் உயரத்துக்கு எட்டிவிட வேண்டும் என்ற முயற்சி இது. தண்டு மெலிந்துபோகும் என்பதால் செடிக்கு இது செலவு பிடித்த முயற்சிதான்.

நுனியைக் கிள்ளினால் ஏன் பக்கக் கிளை வருகிறது?

ஒவ்வோர் இலைக்கோணத்திலும், அதாவது இலை தண்டோடு சேரும் மூலையிலும், ஒரு மொட்டு இருக்கிறது. நுனி இருக்கும்வரை பல மொட்டுகள் உறங்குகின்றன. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். 1930களின் தொடக்கத்தில் கென்னத் திமானும் ஃபோக் ஸ்கூக்கும் ஃபாவா அவரைச் செடியின் நுனியை நீக்கிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சின் வைத்தார்கள். மொட்டுகள் எழவில்லை. ஆகவே நுனியிலிருந்து வரும் ஆக்சின்தான் அடக்குகிறது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கதிரியக்க அடையாளமிட்ட ஆக்சினைப் பின்தொடர்ந்து பார்த்தால், தண்டில் இறங்கும் ஆக்சின் மொட்டுக்குள் நுழைவதே இல்லை. உள்ளே போகாமல் எப்படி அடக்குகிறது?

விடை பல பகுதிகளாகக் கிடைத்தது. தண்டில் ஓடும் ஆக்சின், மொட்டை எழுப்பக்கூடிய சைட்டோகைனின் உற்பத்தியைக் குறைக்கிறது. மொட்டை அடக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன் உற்பத்தியைக் கூட்டுகிறது. இரண்டும் மொட்டுக்குள் போகக்கூடியவை. அப்புறம், மொட்டு கிளையாக வேண்டுமென்றால் தன் ஆக்சினைத் தண்டுக்குள் வடித்துவிட்டாக வேண்டும். தண்டில் ஏற்கெனவே நுனியின் ஆக்சின் நிறைந்து ஓடும்போது அதற்கு வழி கிடைப்பதில்லை. நுனி போனதும் ஓட்டம் குறைந்து, மொட்டின் ஆக்சின் வடியத் தொடங்குகிறது, அந்தத் தடத்தில் கடத்துத் திசுக்கள் உருவாகின்றன.

பட்டாணியில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது. நுனியை வெட்டியதும், ஆக்சின் குறைந்த செய்தி வந்து சேரும் முன்பே கீழுள்ள மொட்டுகள் எழத் தொடங்குகின்றன. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் அந்தச் செய்தி அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது. வேகமாக வந்தது சர்க்கரை. வளரும் நுனி சர்க்கரையை இழுத்துக்கொண்டிருந்தது. அது போனதும் மிச்சமான சர்க்கரை மொட்டுகளுக்குக் கிடைக்கிறது. முதல் அசைவு சர்க்கரையால், நிலைத்த வளர்ச்சி ஹார்மோன்களால் என்று இப்போது புரிந்துகொள்கிறோம்.

ஸ்ட்ரைகோலாக்டோன் என்பது புதிதாக இருக்கிறதே?

பொருள் பழையது, ஹார்மோன் என்ற அந்தஸ்துதான் புதிது. பயிர்களின் வேரில் ஒட்டுண்ணியாக வளரும் சுடுமல்லியின் விதைகளை முளைக்கத் தூண்டும் பொருளாக 1966இல் பருத்தி வேர்க் கசிவில் இந்த வகைப் பொருள் முதலில் கண்டறியப்பட்டது. வேரோடு கூட்டுவாழும் நன்மைப் பூஞ்சைகளை அழைக்கத்தான் செடி இதைக் கசியவிடுகிறது என்பது 2005இல் தெரிந்தது. கிளைவிடுதலை அடக்கும் ஹார்மோனும் இதுவே என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் 2008இல் அறிவித்தன. மண்ணில் பாஸ்பரஸ் குறைந்தால் செடி இதைக் கூடுதலாக உண்டாக்கும். வெளியே பூஞ்சைக்கு அழைப்பு, உள்ளே கிளைகளுக்குக் கட்டுப்பாடு. ஒரே பொருளால் இரண்டும் நடக்கிறது.

ஹார்மோன் தெளித்து இலை அமைவை மாற்ற முடியுமா?

தெளிப்பதால் செடி முழுதும் ஒரே அளவில் ஹார்மோன் படும். இலையின் இடத்தைத் தீர்மானிப்பதோ, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு. அந்த ஏற்றத்தாழ்வைத் தெளிப்பான் உண்டாக்க முடியாது. குழப்பத்தான் முடியும். ஆக்சின் வகையைச் சேர்ந்த 2,4-டி களைக்கொல்லி பட்ட செடிகளில் இலையும் தண்டும் முறுக்கிக்கொள்வதைப் பார்த்தால் புரியும்.

உயரத்தையும் கிளையையும் மாற்றுவது எளிது. பேக்ளோபியூட்ரசால் போன்ற பொருட்கள் ஜிப்ரெல்லின் உற்பத்தியைத் தடுத்துக் கணுவிடையைக் குறுக்கும். இலைகளின் எண்ணிக்கை பெரிதாக மாறாது, அடர்த்தி மட்டும் கூடித் தெரியும். கிளை வேண்டுமென்றால் மருந்து எதுவும் தேவையில்லை, விரலால் நுனியைக் கிள்ளினாலே போதும்.

இதையெல்லாம் நானே பார்க்க வழி உண்டா?

சுழல் இலையமைவு உள்ள ஏதாவது ஒரு செடியின் நிமிர்ந்த தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஓர் இலையில் அடையாளமாக நூல் கட்டி, அதற்கு அடுத்த இலை, அதற்கு அடுத்தது என்று வரிசையாக மேலே எண்ணுங்கள். ஐந்தாவதோ எட்டாவதோ ஏறத்தாழ அதே பக்கத்தில், ஆனால் சற்றுத் தள்ளி வரும். மேலிருந்து பார்த்தால் தள்ளி நிற்பது தெளிவாகத் தெரியும். முறுக்கிய தண்டு வேண்டாம், கணக்கு பிசகும்.

துளசியின் நுனியை ஒரு கைலென்ஸ் வழியாகப் பாருங்கள். விரிந்த சோடிக்கு நடுவே குறுக்காக மூடிய சிறு சோடி, அதற்குள்ளே மறுபடி குறுக்காக இன்னும் சிறியது. ஊசியால் மெல்ல ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், அரும்பு என்று சொல்ல முடிகிற அளவுக்குச் சிறிய, வெளிர்ப் பச்சைப் புடைப்பு வரை போகலாம். அதற்கு உள்ளே இருக்கும் மேட்டைக் காண நுண்ணோக்கி வேண்டும்.

இன்னொன்று: ஒரே வயதுள்ள இரண்டு செடிகளில் ஒன்றின் நுனியைக் கிள்ளிவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோணமொட்டையும் நாள்தோறும் குறித்துவையுங்கள். எந்த மொட்டு முதலில் எழுகிறது, பிறகு அதுவே தலைமை நுனியாகி மற்றவற்றை அடக்குகிறதா என்று பாருங்கள். பல செடிகளில் மேலே உள்ள ஓரிரு மொட்டுகள் முந்திக்கொள்ளும். எழுந்த சில மீண்டும் தேங்கிவிடும்.